கண் உறுத்தினால் காத்திருக்கலாமா, கிளம்பணுமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் வேலை பார்ப்பவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், இதை நிச்சயம் கேள்விப்பட்டிருப்பீர்கள். கிரைண்டிங் மெஷினில் நிற்பவர் திடீரென்று கண்ணைப் பொத்திக்கொள்கிறார். பக்கத்தில் இருப்பவர் "கசக்காதப்பா, இரு" என்று சொல்லி, இமையைப் புரட்டிப் பார்த்து, கைக்குட்டை நுனியாலோ தீக்குச்சி முனையாலோ துகளை எடுத்துவிடுகிறார். "எடுத்தாச்சு, போ" என்றதும் வேலை தொடர்கிறது. அநேகமாக எல்லா ஷெட்டிலும் இப்படிக் கைராசிக்காரர் ஒருவர் இருப்பார். அவருடைய நல்ல மனசைக் குறை சொல்ல முடியாது. அவர் கையில் இருக்கும் தீக்குச்சிதான் பிரச்சினை.

கண்ணின் முன்பக்கம் கண்ணாடி போல இருக்கும் கருவிழியின் தடிமன் நடுவில் சுமார் அரை மில்லிமீட்டர்தான். சில தாள்களை அடுக்கினால் வரும் கனம். அதன் மேல் தீக்குச்சியால் ஒரு கீறல் விழுந்தால், அந்தக் கீறல் வழியாகக் கிருமி உள்ளே போகிறது. தூசி போனாலும் புண் நிற்கிறது.

கண் விஷயத்தில் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது எவ்வளவு நேரம் காத்திருக்கும்? சில பிரச்சினைகளுக்கு நிமிடக் கணக்கு. சிலவற்றுக்கு அன்றைய பொழுதுக்குள் போயாக வேண்டும். சிலவற்றுக்கு வருஷத்துக்கு ஒரு முறை போனால் போதும், ஆனால் அந்த ஒரு முறையைத் தவறவிடக் கூடாது. இந்த மூன்றையும் மாற்றிப் புரிந்துகொள்வதால்தான் பலருக்குப் பார்வை போகிறது.

நிமிடக் கணக்கு: ரசாயனம் பட்டால்

அமிலம், காஸ்டிக் சோடா, சிமென்ட் கலவை, சுண்ணாம்பு, பினாயில், எது கண்ணில் பட்டாலும் முதல் வேலை தண்ணீர். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவது அதற்கு அப்புறம். குழாயடியிலோ குடத்துத் தண்ணீரிலோ இமைகளை விரித்துப் பிடித்து, குறைந்தது அரை மணி நேரம் விடாமல் கழுவுங்கள். "சுத்தமான தண்ணிதான் வேணும்" என்று தேடிக்கொண்டு நிற்காதீர்கள். கையில் கிடைக்கும் குடிக்கிற தண்ணீர் போதும். காண்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் கழுவும்போதே எடுத்துவிடலாம்.

ஆசிட்தான் பயங்கரம் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் சுண்ணாம்பு, காஸ்டிக் சோடா போன்ற காரப் பொருள்கள் கண்ணுக்கு இன்னும் மோசம். அமிலம் பட்ட இடத்துத் திசுவை உறைய வைத்து ஓரளவு அங்கேயே நின்றுவிடும். காரம் திசுவைக் கரைத்துக்கொண்டு உள்ளே உள்ளே இறங்கும். வெற்றிலைச் சுண்ணாம்பு அடைத்த சின்ன பாக்கெட்டைக் குழந்தை விளையாட்டாக அழுத்த, அது வெடித்துக் கண்ணில் தெறிப்பது நம் ஊர்க் கண் மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் விபத்து. பாட்டியின் சுருக்குப்பை குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

கழுவி முடித்ததும் அந்த டப்பாவின் லேபிளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். என்ன ரசாயனம் என்று தெரிந்தால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

இன்றே போக வேண்டியவை

இப்போது அந்தக் கிரைண்டிங் தூசிக்கு வருவோம். சாதாரண மண் தூசி என்றால் கண்ணீரே பெரும்பாலும் அடித்துக்கொண்டு போய்விடும். தண்ணீர் விட்டுக் கழுவினாலும் போகும். கிரைண்டிங்கில் பறக்கும் இரும்புத் துகள் அப்படியில்லை. அது சூடாக வந்து கருவிழியில் ஒட்டிக்கொள்கிறது. ஒரு நாள் ஆனாலே அதைச் சுற்றித் துரு வளையம் கட்ட ஆரம்பித்துவிடும். கண் மருத்துவர் மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, பெரிதாக்கிக் காட்டும் கருவியில் பார்த்துக்கொண்டே, நுண்ணிய ஊசியால் துகளையும் துருவையும் எடுப்பார். சில நிமிட வேலை. அப்புறம் சில நாளுக்குக் கிருமிக்கான சொட்டு மருந்து. இரண்டு நாள் தள்ளிப்போட்டால் இதுவே புண்ணாகி, ஆறின பிறகும் கருவிழியில் வெள்ளைத் தழும்பு நின்றுவிடலாம். தழும்பு நடுவில் விழுந்தால் பார்வை மங்கல்தான்.

மரத்துப்போக விட்ட அந்தச் சொட்டு மருந்தை வீட்டுக்குக் கேட்காதீர்கள், கடையில் வாங்கியும் விடாதீர்கள். வலி தெரியாது, சரிதான். ஆனால் திரும்பத் திரும்ப விட்டால் புண் ஆறாது, கருவிழியே கரையத் தொடங்கும்.

சுத்தியலும் உளியும் கொண்டு இரும்பில் அடிக்கும்போது தெறிக்கும் சில்லு இன்னொரு வகை. அது வேகமாக வருவதால் கண்ணைத் துளைத்து உள்ளேயே போய்விடலாம். வலி பெரிதாக இருக்காது, சிவப்பும் லேசாகத்தான் இருக்கும். "ஏதோ பட்ட மாதிரி இருந்துச்சு, இப்ப ஒண்ணுமில்ல" என்று வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். உள்ளே தங்கிய இரும்பு மாதக் கணக்கில் மெல்லக் கரைந்து விழித்திரையைக் கெடுத்துவிடும். அதனால் இரும்பில் அடித்தபோது கண்ணில் ஏதோ பட்டது என்றால், வலி இல்லாவிட்டாலும் அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள். "சுத்தியல் அடிச்சப்ப பட்டது" என்ற வார்த்தையை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எக்ஸ்ரே அல்லது சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்வார். எம்.ஆர்.ஐ. கூடாது, அதன் காந்தம் உள்ளே இருக்கும் இரும்பை அசைத்துவிடும்.

கண்ணில் ஏதாவது குத்தி நின்றாலோ, பாப்பாவின் வட்டம் கோணலாகத் தெரிந்தாலோ, கண்ணுக்குள் இருந்து நீர் கசிந்தாலோ எதையும் பிடுங்காதீர்கள். கழுவவும் வேண்டாம், மருந்தும் விட வேண்டாம், அழுத்திக் கட்டவும் கூடாது. ஒரு பேப்பர் கப்பின் அடிப்பாகத்தை வெட்டிக் கண்ணில் படாமல் மேலே கவிழ்த்து, பிளாஸ்திரி ஒட்டி, 108-ஐக் கூப்பிடுங்கள். ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால் வழியில் டீ, பிஸ்கட் எதுவும் கொடுக்காதீர்கள்.

வெல்டிங் வெளிச்சத்தால் வரும் வலி தனிக் கதை. பகலில் ஒன்றும் தெரியாது. ஆறு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ கழித்து, பெரும்பாலும் நடு ராத்திரியில், இரண்டு கண்ணிலும் மணலைக் கொட்டியது போல உறுத்தும். வெளிச்சத்தைப் பார்க்க முடியாது, கண்ணீர் கொட்டும். வெல்டிங் ஒளியில் இருக்கும் புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிட்டதுதான் காரணம். வெல்டர் ஷீல்டு பிடித்திருப்பார், பக்கத்தில் இரும்பைப் பிடித்துக்கொண்டு வெறும் கண்ணோடு நிற்கும் ஹெல்பர்தான் அதிகம் மாட்டுவார். இது ஒன்றிரண்டு நாளில் பொதுவாகத் தானே ஆறிவிடும். ஈரத் துணி வைக்கலாம், இருட்டில் படுத்திருக்கலாம். தாய்ப்பால், வெங்காயச் சாறு, விளக்கெண்ணெய் என்று வாட்ஸ்அப்பில் வரும் எதையும் கண்ணில் விட வேண்டாம். தோல் உரிந்த இடத்தில் கிருமியை ஊற்றுவதற்குச் சமம் அது. ஒரு கண்ணில் மட்டும் வலி என்றாலோ, மறுநாளும் குறையவில்லை என்றாலோ, பார்வை மங்கினாலோ, அது வெல்டிங் வெளிச்சம்தான் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். துகளாகவும் இருக்கலாம்.

மாவட்டம் முழுக்கத் தொழிற்சாலை இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். பொன்னேரிப் பக்கம் நெல் அறுப்பவர்களுக்கும், செங்குன்றம் அரிசி ஆலைகளில் மூட்டை தூக்குபவர்களுக்கும் இதே போல ஒரு ஆபத்து உண்டு. நெல் தாள் கீறினாலோ உமி ஒட்டினாலோ முதலில் சின்ன உறுத்தல்தான். உமி கருவிழி ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நாள் கணக்கில் அப்படியே இருக்கும், கண் சிவந்தே கிடக்கும், பார்ப்பவர்கள் எல்லாம் மெட்ராஸ் ஐ என்பார்கள். தாள் கீறிய இடத்தில் பூஞ்சை பிடித்தால் கருமணியில் வெள்ளைப் புள்ளி தோன்றும். அந்தப் புள்ளியைக் கண்ணாடியில் பார்த்த அன்றே கிளம்புங்கள்.

இங்கேதான் மெடிக்கல் ஷாப் சொட்டு மருந்து பெரிய கெடுதல் செய்கிறது. சிவந்த கண்ணுக்கென்று கேட்டதும் கொடுக்கப்படும் பல மருந்துகளில் ஸ்டீராய்டு இருக்கிறது. விட்டதும் சிவப்பு குறையும், "ஆகா, நல்ல மருந்து" என்று தோன்றும். உள்ளே பூஞ்சை தடுப்பார் இல்லாமல் வளரும். பாக்டீரியாப் புண்ணுக்கு ஒரு மருந்து, பூஞ்சைப் புண்ணுக்கு வேறு மருந்து. புண்ணைச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் எது என்று தெரியும். பூஞ்சையிலேயே எந்த மருந்து மேல் என்பதற்கு அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றும் சேர்ந்து ஆய்வு நடத்தி 2013-ல் முடிவை வெளியிட்டன. நாட்டமைசின் என்ற பழைய சொட்டு மருந்து, விலை அதிகமான புது மருந்தை விட நன்றாக வேலை செய்தது என்று தெரிந்தது. நிபுணர்களே ஆய்வு செய்து பார்க்க வேண்டியிருந்த விஷயத்தைக் கடைக் கவுண்டரில் முடிவு செய்யாதீர்கள்.

நிஜமான மெட்ராஸ் ஐ என்றால் கண் சிவக்கும், பீளை கட்டும், உறுத்தும். ஆனால் பீளையைத் துடைத்தால் பார்வை தெளிவாகவே இருக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும். பார்ப்பதால் பரவாது, கையாலும் துண்டாலும் தலையணை உறையாலும் பரவும். கடுமையான வலி, வெளிச்சம் பட்டால் கூச்சம், பார்வை மங்கல் இதில் ஒன்று சேர்ந்தாலும் அது வேறு நோய். காண்டாக்ட் லென்ஸ் போடுபவருக்குக் கண் சிவந்தால், லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

வலியே இல்லாமல் வரும் அவசரங்களும் உண்டு. ஒரு கண்ணில் பார்வை திடீரென்று போவது, ஒரு பக்கம் திரை இறங்கினது போல இருப்பது, மின்னல் வெட்டுவது போலவும் கரும்புள்ளிகள் கூட்டமாக மிதப்பது போலவும் புதிதாகத் தோன்றுவது. விழித்திரை பிரிந்துகொண்டிருக்கலாம், ரத்தக் குழாய் அடைத்திருக்கலாம். "காலையில பாத்துக்கலாம்" என்று படுத்துவிடாதீர்கள்.

வலிக்காமல் திருடுபவை

சர்க்கரை நோய் விழித்திரையின் மெல்லிய ரத்தக் குழாய்களைக் கெடுக்கும். பார்வை மங்குவது தெரியும்போது நோய் முற்றியிருக்கும். சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்த உடனே ஒரு முறை, அப்புறம் வருஷத்துக்கு ஒரு முறை, பாப்பாவை விரிக்கும் மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்க வேண்டும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை பலருக்கு வீட்டுக்கே வந்துவிடுகிறது. மாத்திரை வீடு தேடி வருவதால் ஆஸ்பத்திரிப் பக்கமே போக வேண்டியதில்லை என்று ஆகிவிடக் கூடாது. விழித்திரைப் பரிசோதனைக்கு நீங்கள்தான் போக வேண்டும். பாப்பாவை விரித்தால் சில மணி நேரம் கிட்டத்து எழுத்து தெரியாது, வெயில் கூசும். அதனால் அன்று பைக் ஓட்டாமல் யாரையாவது துணைக்குக் கூட்டிப் போங்கள்.

கண் நீர் அழுத்த நோய் எனப்படும் கிளாக்கோமாவும் இப்படித்தான். பக்கவாட்டுப் பார்வை மெல்லச் சுருங்கிக்கொண்டே வரும், நடுப் பார்வை கடைசி வரை நன்றாக இருக்கும். போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றலாம், அவ்வளவுதான். நாற்பது வயதைத் தாண்டியவர்கள், குடும்பத்தில் யாருக்காவது இருந்தவர்கள், ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மாதக் கணக்கில் விட்டவர்கள் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். இந்த நோய்க்கான ஒரு முக்கிய அறுவை சிகிச்சையை 1909-ல் வகுத்த ராபர்ட் ஹென்றி எலியட், நம் எழும்பூர் அரசு கண் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்தவர். 1819-ல் தொடங்கிய அந்த மருத்துவமனை உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. பக்கத்திலேயே இருப்பதால் நமக்கு அதன் அருமை தெரிவதில்லை.

கண்புரை மெதுவாக வருவது, பயப்படத் தேவையில்லை. அரசு மருத்துவமனைகளில் லென்ஸோடு அறுவை சிகிச்சை இலவசம். "நல்லா முத்தட்டும்" என்று வருஷக் கணக்கில் காத்திருப்பது பழைய காலத்துப் பழக்கம். அன்றாட வேலைக்கு இடைஞ்சல் ஆனதுமே செய்துகொள்ளலாம்.

வெள்ளெழுத்து நோயே இல்லை, நாற்பதுக்கு மேல் எல்லோருக்கும் வரும். ஆனாலும் இதில் ஒரு சங்கதி இருக்கிறது. அசாம் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வயதைக் கடந்த தொழிலாளர்களுக்குக் கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2018-ல் வெளியானது. கண்ணாடி கிடைத்தவர்கள், கிடைக்காதவர்களை விட சுமார் 22 சதவீதம் கூடுதலாக இலை பறித்தார்கள். பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை விசைத்தறிக்காரர்கள் இழை கண்ணுக்குப் புலப்படவில்லை என்று வேலையைக் குறைத்துக்கொள்ளும் முன், ஒரு முறை பார்வையைப் பரிசோதித்துக்கொள்ளலாம். கண்ணாடிக் கடையில் கம்ப்யூட்டரில் பார்ப்பது பவருக்கு மட்டும்தான். கிளாக்கோமாவும் சர்க்கரைப் பாதிப்பும் அதில் தெரியாது.

உங்கள் போன் செய்யக்கூடியது

வாரத்துக்கு ஒரு நாள், ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, மற்ற கண்ணால் போனில் இருக்கும் செய்தியைப் படித்துப் பாருங்கள், எதிர்ச் சுவர்க் காலண்டரையும் பாருங்கள். அடுத்து மற்றக் கண். இரண்டும் திறந்திருக்கும்போது நல்ல கண் கெட்ட கண்ணை மறைத்துவிடும். ஒரு கண் போய் மாதங்கள் ஆனதே தெரியாமல் இருப்பவர்கள் உண்டு.

குழந்தையை பிளாஷ் போட்டு எடுத்த படங்களைக் கவனியுங்கள். இரண்டு பாப்பாவும் சிவப்பாகத் தெரிந்தால் சரி. ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப வெள்ளையாகத் தெரிந்தால், அந்தப் படத்தைக் காட்டி அந்த வாரமே கண் மருத்துவரைப் பாருங்கள். குழந்தைகளுக்கு வரும் கண் புற்றுநோயின் முதல் அடையாளமாக அது இருக்கலாம், சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிரையும் பெரும்பாலும் கண்ணையும் காப்பாற்றலாம். மாறுகண்ணை "அதிர்ஷ்டம்" என்று விடுவதும் வேண்டாம். பள்ளிக்கூடம் சேர்க்கும் முன்பே சிகிச்சை ஆரம்பித்தால் பலன் அதிகம்.

எங்கே போவது, எதைச் சொல்வது

அரசு மருத்துவமனைகள் கும்மிடிப்பூண்டியிலும் பொன்னேரியிலும் இருக்கின்றன. திருவள்ளூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இயங்குகிறது. பெரிய காயம் என்றால் எழும்பூர். புறநகர் ரயிலில் சென்ட்ரல் இறங்கினால் அங்கிருந்து ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான். எங்கே கண் மருத்துவர் இருக்கிறார் என்று தெரியாவிட்டால் 104-ல் கேளுங்கள். காப்பீட்டு அட்டை பற்றிய சந்தேகத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800 425 3993.

வேலையில் அடிபட்டால் இன்னொரு விஷயம் மிக முக்கியம். சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் என்றால் நீங்கள் இ.எஸ்.ஐ.-யில் வர வேண்டும். கான்ட்ராக்ட் ஆட்களும், வெளி மாநிலத்திலிருந்து வந்தவர்களும் இதில் அடக்கம். உங்கள் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கிறதா, ஐ.பி. நம்பர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். வேலை விபத்துக்கு, சேர்ந்த முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. விபத்து நாளைத் தவிர்த்து மூன்று நாளாவது வேலைக்குப் போக முடியாவிட்டால், ஆறும் வரை சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். ஒரு கண்ணின் பார்வை முழுதாகப் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு என்றும், கண்ணையே எடுக்க நேர்ந்தால் 40 சதவீதம் என்றும் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. அந்தக் கணக்கில் ஆயுள் முழுக்க மாதாமாதம் பணம் வரும். இ.எஸ்.ஐ. வராத இடத்தில் இழப்பீடு தரும் பொறுப்பு நேரடியாக முதலாளிக்கே.

இதெல்லாம் ஒரே ஒரு வார்த்தையில் போய்விடலாம். "கம்பெனி பேரு எதுக்கு, வீட்ல நடந்ததுன்னு சொல்லிடு, செலவை நான் பாத்துக்கறேன்" என்று சிலர் சொல்வார்கள். சொல்பவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் ஆஸ்பத்திரிச் சீட்டில் "வீட்டில் நடந்தது" என்று பதிவாகிவிட்டால், ஆறு மாதம் கழித்துப் பார்வை மங்கும்போது அதை வேலை விபத்து என்று நிரூபிப்பது மிகக் கஷ்டம். எங்கே, எத்தனை மணிக்கு, என்ன வேலையில் என்று நடந்ததை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். சூப்பர்வைசரிடமும் உடனே சொல்லுங்கள். வாயால் சொன்னாலும் செல்லும் என்றாலும், வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினால் தேதியும் நேரமும் நிற்கும். தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் நிர்வாகம் இ.எஸ்.ஐ.-க்கு விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும், அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

கண்ணாடி விஷயத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள். துகள் பறக்கும் வேலைக்கும் கண் கூசும் வெளிச்ச வேலைக்கும் தடுப்பும் கண்ணாடியும் முதலாளி தர வேண்டும் என்று 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டமே 35-வது பிரிவில் எழுதி வைத்தது. கூலிங் கிளாஸ் இதற்கு உதவாது, உடைந்தால் அதன் சில்லே கண்ணில் குத்தும். கிரைண்டிங்குக்குப் பக்கவாட்டு மறைப்புள்ள பாலிகார்பனேட் கண்ணாடி. ஆர்க் வெல்டிங்குக்கு 10 அல்லது அதற்கு மேல் ஷேடு எண் உள்ள ஷீல்டு, ஹெல்பருக்கும் சேர்த்து. பவர் கண்ணாடி போடுபவர்கள் அதன் மேல் மாட்டும் வகையைக் கேட்கலாம். "வேர்வையில மங்குது, அதான் கழட்டிட்டேன்" என்பது நியாயமான புகார்தான். காற்றுத் துளை உள்ள வகைகள் கிடைக்கின்றன, மாற்றித் தரச் சொல்லுங்கள்.

அடிபட்டுக் கிளம்பும்போது ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு நீங்களே பைக் ஓட்டிப் போகாதீர்கள். இ-பெச்சான் அட்டையின் படம், ஆதார், விட்ட சொட்டு மருந்தின் பாட்டில், பழைய கண்ணாடி, சர்க்கரை மாத்திரைச் சீட்டு ஆகியவற்றைக் கூட வருபவரிடம் கொடுத்துவிடுங்கள்.